டயாலிசிஸில் இருப்பவருக்கு ஈறில் இரத்தம் வந்தால்: எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

சிறுநீரகம் கெட்டுப்போனவரின் வீட்டில் ஈறில் இரத்தம் வருவது ஒரு பிரச்சினையாகவே கணக்கில் வராது. கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இணைத்து வைத்த இரத்தக்குழாய்) என்று கவலைப்பட ஆயிரம் இருக்கும்போது வாயைப் பற்றி யார் யோசிப்பார்கள்? என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவருடைய ஈறுப் பிரச்சினையோடு ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிய பிறகுதான், ஈறும் உடம்பிலுள்ள சத்து அளவும் எப்படி ஒன்றையொன்று இழுத்துக் கீழே தள்ளுகின்றன என்பது புரிந்தது. சிறுநீரக மருத்துவர் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. பல் மருத்துவர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்பதில்லை. நடுவில் நிற்கிற நாம்தான் இந்தத் தாளை அங்கேயும் அந்தத் தாளை இங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதலில் வந்தது இரும்பு நக்கியது போன்ற ருசியும் வாய் நாற்றமும். இரத்தத்தில் யூரியா ஏறினால் எச்சிலிலும் ஏறும். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. நாற்றம் அதனால்தான். அதே அம்மோனியா எச்சிலைக் காரத்தன்மைக்குத் தள்ளுவதால் கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லின் மேல் சீக்கிரம் படிந்து காரையாக இறுகுகின்றன. சொத்தைப் பல் அதிகம் வராது, காரை மட்டும் மற்றவர்களைவிட வேகமாகக் கட்டும். "பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று நாம் ஏமாறும் இடம் இதுதான். இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஈறு அழற்சி என்றால் செக்கச்செவேல் என்று வீங்கியிருக்கும் என்பார்கள். இரத்தசோகை உள்ளவருக்கு ஈறு வெளிறியே இருப்பதால் அந்தச் சிவப்பு மங்கிப்போகும். நிறத்தை நம்பக் கூடாது. பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறதா, காலையில் தலையணை உறையில் இரத்தக்கறை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரத்தம் வர ஆரம்பித்ததும் டயாலிசிஸ் யூனிட்டில் கேட்டோம். "ஹெபாரின் போடுறோம்ல, அதனாலதான்" என்றார்கள். பாதி உண்மை. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபாரினின் வேலை நாலு முதல் ஆறு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். யூரியா ஏறியிருப்பதால், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரியாக ஒட்டாமல் இருப்பதும் இன்னொரு காரணம். ஆனால் இவை இரண்டும் வருகிற இரத்தத்தை நிற்கவிடாமல் செய்யும், அவ்வளவுதான். புண்ணை உண்டாக்குவதில்லை. டயாலிசிஸ் இல்லாத நாளிலும் இரத்தம் வந்தால் ஈறில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தை அன்று யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்குப் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

அந்த மாதங்களில் நடந்தது இது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பல் கிளினிக்கில் மேலோட்டமாக ஒரு கிளீனிங் செய்து, மவுத்வாஷ் எழுதிக்கொடுத்து, வலிக்கு டைக்ளோபினாக்கும் கொடுத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. கீழ்வரிசை முன்பற்கள் ஆட ஆரம்பித்ததும் நான்கையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டலாம், முப்பதாயிரம் ஆகும் என்றார்கள். பயந்துபோனோம். டயாலிசிஸ் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போகிறது, பல்லுக்கு ஆவதெல்லாம் கைக்காசு. அதைவிட, நாற்பத்தாறு வயதில் பல் போகிறதே என்று அவர் உடைந்துபோனதைப் பார்க்கத்தான் முடியவில்லை. சாப்பாட்டையே வெறுத்துவிட்டார்.

திருப்பம் வந்தது ஒரு அரசு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவில். பல் மருத்துவத்தில் ஈறுக்கென்று தனி மேற்படிப்பு இருக்கிறது. சிறுநீரக நோயாளி முதலிலேயே அவர்களிடம்தான் போக வேண்டும். அங்கே இருந்த மருத்துவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று கேள்வி கேட்டார். என்னென்ன மாத்திரை? கடைசி இரத்தப் பரிசோதனை எங்கே? தினமும் என்ன சாப்பிடுகிறார்? பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளந்தார். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை சரி. நான்கும் அதற்கு மேலும் போனால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பை விழுந்துவிட்டது என்று பொருள். இவருக்குப் பல இடங்களில் ஆறு. இப்படி அளக்காமல் "ஈறு வீக்" என்று சொல்லி அனுப்புகிற இடத்தில் காசு கட்டாதீர்கள். முழுத் தாடையும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரேயும் அவசியம், சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அவர் சாப்பாட்டைக் கேட்டதன் காரணம் பிறகுதான் விளங்கியது. டயாலிசிஸ் தொடங்கியபோது எங்களுக்குக் கொடுத்தது ஒரு தடைப்பட்டியல். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கொய்யா கூடாது, சாத்துக்குடி கூடாது, கீரை கூடாது. காய்கறியை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதால் இதெல்லாம் தேவையான கட்டுப்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொட்டுகிற தண்ணீரில் பொட்டாசியத்தோடு வைட்டமின் சியும் போலிக் அமிலமும் சேர்ந்தே போகின்றன. மிஞ்சியதை டயாலிசிஸ் எடுத்துவிடுகிறது. தண்ணீரில் கரையும் வைட்டமின்களுக்கும் கழிவுக்கும் அந்த வடிகட்டிக்கு வித்தியாசம் தெரியாது. வைட்டமின் சி இல்லாமல், திசுக்களைப் பிணைத்து நிறுத்தும் கொலாஜன் என்ற புரதம் உருவாகாது, கொலாஜன் இல்லாமல் ஈறு பல்லைப் பிடித்து நிற்காது. பழங்காலத்து மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி இன்றைக்கு டயாலிசிஸ் நோயாளிக்கும் வரும். ஊதா நிறத்தில் உப்பிய ஈறு, தொட்டாலே இரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலம் பாய்வது, மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், ஆறாத புண், அசதி. இதில் ஒவ்வொன்றுக்கும் சிறுநீரக நோயாளியிடம் வேறு ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. அசதி டயாலிசிஸால், நீலம் ஹெபாரினால், இரத்தம் பல் தேய்ப்பதால். எல்லாவற்றையும் சேர்த்து யாரும் பார்ப்பதில்லை.

"பழம் என்றால் ஆப்பிள் மட்டும்" என்று அநேகமாக எல்லா டயாலிசிஸ் வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. ஆப்பிளில் பொட்டாசியம் குறைவு என்பது சரி. ஆனால் நூறு கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி ஐந்து மில்லிகிராம்கூடத் தேறாது. சிறுநீரக நோயாளிகளில் ஆணுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 90 மில்லிகிராமும் பெண்ணுக்கு 75 மில்லிகிராமும் வேண்டும். நூறு கிராம் அன்னாசியில் வைட்டமின் சி ஏறக்குறைய 48 மில்லிகிராம், பொட்டாசியம் 110ஐ ஒட்டித்தான், அதாவது ஆப்பிள் அளவுக்கே. பச்சைக் குடமிளகாயில் 80, பொட்டாசியம் 175. பப்பாளியில் 60, பொட்டாசியம் 180. முட்டைக்கோஸில் 37, பொட்டாசியம் 170. கொய்யாவில் வைட்டமின் சி இருநூறைத் தாண்டும், ஆனால் பொட்டாசியமும் நானூறைத் தாண்டிவிடும். எங்கள் உணவியல் நிபுணர் ஆப்பிள் தினங்களில் பாதியை அன்னாசிக்கு மாற்றினார். ஒரு சிறு கிண்ணம், நூறு கிராம், அதற்கு மேல் இல்லை. கூடவே நன்றாகக் கழுவிப் பொடியாக நறுக்கிய குடமிளகாயோ கோஸோ ஒரு கைப்பிடி, வேகவைக்காமல், எலுமிச்சை பிழிந்து. அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துத்தான் தொடர்ந்தோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒவ்வொருவரின் பொட்டாசியம் எல்லையும் வேறு. நட்சத்திரப் பழத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அதிலுள்ள நச்சு ஆரோக்கியமான சிறுநீரகத்தில் வெளியேறிவிடும். செயலிழந்தவருக்கு மூளையைத் தாக்கி, நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும், உயிரும் போயிருக்கிறது.

இதைப் படித்ததும் மருந்துக்கடையில் 500 மில்லிகிராம் வைட்டமின் சி சப்பு மாத்திரை வாங்கிவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் சொல்கிற "தினமும் ஒரு டம்ளர் நெல்லிக்காய் சாறு"க்கும் இதே எச்சரிக்கை. அதிகப்படி வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். சிறுநீர் பிரியாதவருக்கு அது வெளியேற வழியில்லாமல் எலும்பு, மூட்டு, இரத்தக்குழாய், இதயம் என்று படியும். சில வகைச் சர்க்கரை அளக்கும் மெஷின்களில் அளவைக் கூட்டிக்காட்டவும் செய்யும், அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. சிறுநீரக நோயாளிகளுக்கென்றே தனி வைட்டமின் மாத்திரை இருக்கிறது. அதில் வைட்டமின் சி 60 முதல் 100 மில்லிகிராம் வரைதான் இருக்கும், பி வகையும் போலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சாதாரண மல்டிவைட்டமின் வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் ஏ இந்த நோயில் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். மாத்திரையை டயாலிசிஸ் முடிந்த பிறகு போட வேண்டும். முன்னால் போட்டால் மெஷினுக்குத்தான் போகும். வைட்டமின் சி அளவை இரத்தத்தில் பார்ப்பது எல்லா லேபிலும் நடக்காது. வெளிச்சம் படாமல், குளிரில் வைத்து அனுப்ப வேண்டிய மாதிரி அது. பார்ப்பதானால் டயாலிசிஸுக்கு முன் எடுத்த இரத்தத்தில் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்தச் சோதனை அமையவில்லை. சரியான அளவு மாத்திரையும் உணவு மாற்றமும் தொடங்கிய இரண்டொரு வாரத்தில் தானாகக் கசிகிற இரத்தம் நின்றதை வைத்தே மருத்துவர் முடிவுக்கு வந்தார். பல் தேய்க்கும்போது வருவது அப்படியே இருந்தது. அது பையில் இருக்கிற காரையின் வேலை, அதற்கு மாத்திரை போதாது.

பல் ஆடியதற்கு இன்னொரு காரணமும் எக்ஸ்ரேயில் தெரிந்தது. சிறுநீரகம்தான் வைட்டமின் டியை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அது நின்றால் கால்சியம் குறையும், பாஸ்பரஸ் ஏறும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி பிடிஎச் ஹார்மோனை அள்ளிக்கொட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். தாடை எலும்பும் எலும்புதானே. பல் வேரைச் சுற்றி எக்ஸ்ரேயில் தெரிய வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடு இவருக்குப் பல இடங்களில் அழிந்திருந்தது. ஈறை மட்டும் சுத்தம் செய்து பல்லை நிறுத்த முடியாது, பிடிஎச்சையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதனால் கால்சியம், பாஸ்பரஸ், பிடிஎச், வைட்டமின் டி நான்கையும் சேர்த்துப் பாருங்கள். இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் கால்சியம் அளவும் குறைவாகத் தெரியும், திருத்திக் கணக்கிடச் சொல்லுங்கள். பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரை சாப்பாட்டோடு போனால்தான் சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைப் பிடிக்கும். அதில் ஒரு வகையான செவலமர் மாத்திரையை, வாய்ப்புண்ணால் விழுங்க முடியவில்லை என்று பொடிக்கக் கூடாது. இன்னொரு வகையான லாந்தனம் இதற்கு நேர்மாறு, மென்றுதான் விழுங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு புரதம். ஈறு வலித்தால் மனிதர் ரசம் சாதத்துக்கும் கஞ்சிக்கும் இறங்கிவிடுவார். டயாலிசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், அறுபது கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். கஞ்சி குடித்து எழுபது கிராம் எங்கிருந்து வரும்? இவருடைய ஆல்புமின் 2.9க்கு இறங்கியிருந்தது. ஈறு அழற்சியே தனியாக ஆல்புமினைக் கீழே தள்ளும், ஆல்புமின் இல்லாவிட்டால் ஈறுப் புண் ஆறாது. அழற்சி இருக்கும்போது இரத்தம் ஊறப் போடும் எபோ ஊசியும் சரியாக வேலை செய்யாது. நாங்கள் செய்தது இவ்வளவுதான். மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்துப் புட்டு. மஞ்சள் கரு நீக்கிய முட்டை வெள்ளையை இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மிளகுத்தூள் போட்டு. ஒரு முட்டை வெள்ளையில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. மெல்ல வேண்டிய அவசியமே இல்லை. ருசியே தெரியவில்லை என்றால் துத்தநாகம் குறைந்திருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாதக்கணக்கில் துத்தநாக மாத்திரை போட்டால் தாமிரம் குறைந்து இரத்தசோகை இன்னும் மோசமாகும்.

மாத்திரைப் பட்டியலைக் கேட்டாரே, அதற்கும் காரணம் இருந்தது. பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். முன்பற்களுக்கு நடுவே முண்டு முண்டாக வளரும், அதன் அடியில் அழுக்கு சேரும். இவர் 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறிப் பக்கவாதம் வந்துவிடும். பல் மருத்துவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார், சிறுநீரக மருத்துவர் அதைப் பார்த்து வேறு வகைக்கு மாற்றினார். இரண்டு வரிக் கடிதம்தான், ஆனால் அது இல்லாமல் நடந்திருக்காது.

டீப் கிளீனிங் என்கிற, ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டும் சிகிச்சையை வாயின் கால் பகுதி கால் பகுதியாகச் செய்தார்கள். எப்போதும் டயாலிசிஸுக்கு மறுநாள். அன்றுதான் ஹெபாரின் தீர்ந்திருக்கும், யூரியாவும் உடம்பு நீரும் குறைந்திருக்கும். போகும்போது கையில் இருக்க வேண்டியவை ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை போடுபவரானால் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை, மஞ்சள் காமாலை வைரஸ் சோதனைகள், முழு மாத்திரைப் பட்டியல். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். பிஸ்டுலா கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஊசிக்குப் பயப்பட வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், இபுபுரூபன் எதுவும் கூடாது. "கிட்னிதான் போயிடுச்சே, இனி என்ன" என்று ஒரு கம்பவுண்டர் எங்களிடம் சொன்னார். மிச்சமிருக்கும் கொஞ்சச் சிறுநீரும் பொன் போன்றது, அதோடு இந்த மாத்திரைகள் வயிற்றில் இரத்தக்கசிவையும் உண்டாக்கும். ஆன்டிபயாட்டிக் எழுதினால் அளவையும் இடைவெளியையும் சிறுநீரக மருத்துவரிடம் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பிஸ்டுலா மட்டும் இருப்பவருக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை, செயற்கை இதய வால்வு இருந்தால் கட்டாயம்.

பல் எடுக்க வேண்டியது ஒன்றோடு முடிந்தது, மற்ற மூன்றையும் உள்பக்கமாகக் கம்பி வைத்து ஒட்டிப் பிணைத்தார்கள். கல்லூரியில் ஆன செலவு எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம். அதற்கு முன் கிளினிக், மவுத்வாஷ், தேவையில்லாத மாத்திரை என்று போனது பதினைந்தாயிரத்துக்கு மேல், அது போனது போனதுதான். ஆறு மாதத்தில் ஆல்புமின் 3.5க்கு வந்தது. முழுப் பெருமையும் ஈறுக்கு இல்லை, வாய் ஆறியதால் சாப்பிட்டார், சாப்பிட்டதால் ஏறியது.

வீட்டில் செய்வது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் சாய்த்துப் பிடித்துச் சிறு சிறு அசைவாகத் தேய்ப்பது, இரவில் பல் இடுக்கு பிரஷ். இரத்தம் வருகிறதென்று தேய்ப்பதை நிறுத்தினால் இன்னும் அதிகமாக வரும். 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பத்து மில்லி, தினம் இரண்டு முறை, இரண்டு வாரம் மட்டும். பேஸ்டுக்கும் அதற்கும் அரை மணி நேர இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது. நீண்ட நாள் போட்டால் பல் பழுப்பாகும், ருசி கெடும். ஆல்கஹால் கலந்தது வேண்டாம், வாயை இன்னும் உலர்த்தும். தண்ணீர்க் கட்டுப்பாட்டால் வாய் வறண்டால் குளிர்ந்த தண்ணீரில் கொப்பளித்துத் துப்பலாம், அது குடிக்கும் கணக்கில் சேராது. ஐஸ் கட்டி சேரும். சர்க்கரையில்லாத சூயிங்கம் எச்சில் ஊற உதவுகிறது. கரிப்பொடி, புகையிலை கலந்த பல்பொடி இரண்டையும் வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறு மருத்துவரிடம் போக வேண்டும், ஆறு மாதம் என்பது மற்றவர்களுக்கு. சுத்தமான துணியை அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலோ, தாடை வீங்கிக் குளிர்காய்ச்சல் வந்தாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் கதீட்டர் என்ற குழாய் உள்ளவர்களுக்கு இது இரட்டை அவசரம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்ய நினைப்பவர்கள் இதையெல்லாம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். அறுவைக்கு முந்தைய சோதனைகளில் வாயில் தொற்று இல்லை என்று பல் மருத்துவரின் சான்றும் கேட்பார்கள். மாற்றிய பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஓடும்போது ஈறில் ஒளிந்திருக்கும் சீழ் உடம்பெல்லாம் பரவக்கூடும். அந்த மருந்துகளில் சைக்ளோஸ்போரின் கொடுத்தால் ஈறு மறுபடி தடிக்கலாம், டாக்ரோலிமஸில் அந்தத் தொல்லை குறைவு என்பதால் ஈறு வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் சொல்லிவிடலாம். சான்று வாங்கப் போகும்போது பழைய ஓபிஜி படத்தையும் ஈறு ஆழம் எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். எலும்பு தேய்வது நின்றிருக்கிறதா, இன்னும் தேய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு வேறு வழி இல்லை.